அதிரசம் சுட்ட எண்ணெயை என்ன செய்வது?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "தீபாவளிக்கு இரண்டு லிட்டர் கடலை எண்ணெய் ஊற்றித் தேன்குழல், சீயம், அதிரசம் எல்லாம் சுட்டோம். ஒன்றரை லிட்டர்போல மிச்சம். பித்தளைத் தூக்கில் ஊற்றி வைத்திருக்கிறேன். 'காசு போட்டு வாங்கினது, கொட்டாதே' என்கிறார் மாமியார். 'அதைத் தொட்டாலே புற்றுநோய்' என்கிறான் மகன். எத்தனை நாள் வைக்கலாம், எதற்கெல்லாம் ஊற்றலாம்?"

முதல் வேலையாகத் தூக்கைக் காலி செய்யுங்கள். பித்தளையில் செம்பு இருக்கிறது. செம்பும் இரும்பும் எண்ணெய் காறிப்போவதை விரைவுபடுத்தும். ஈயம் பூசிய தூக்குதானே என்பீர்கள். பூச்சு உள்ளே எங்கெங்கே தேய்ந்திருக்கிறது என்று யார் பார்த்தது? சுட்ட எண்ணெயை இருப்புச்சட்டியிலேயே விட்டு மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப் போவதும் இதனால்தான் கூடாது. எவர்சில்வர் டப்பாவோ கண்ணாடி பாட்டிலோ போதும். கண்ணாடி என்றால் வெளிச்சம் படாத அலமாரிக்குள் வையுங்கள்.

இனி உங்கள் எண்ணெயின் கதை. ஓர் எண்ணெய் மறுபடி உதவுமா என்பது பெரும்பாலும் பாட்டிலில் முடிவாவதில்லை, பலகாரம் சுடும் அன்றே முடிவாகிவிடுகிறது. தேன்குழல் மாவு அதிகம் உதிராது. அது சுட்ட எண்ணெய் ஓரளவு தெளிவாகவே நிற்கும். சீயம் மேல்மாவு மூடியிருக்கும்வரை சாது. ஒன்று வெடித்தால் பூரணம் கொட்டி, வெல்லம் கருகி, சட்டி முழுக்கக் கசப்பேறும். அதிரசமும் கந்தரப்பமும் மாவிலேயே வெல்லத்தைச் சுமந்துகொண்டு வருபவை. அதனால் வெள்ளைப் பணியாரம் இருந்தால் புது எண்ணெயில் அதுதான் முதலில். நிறம் வெளுப்பாக வராவிட்டால் அந்தப் பெயருக்கே அர்த்தமில்லை. அடுத்து தேன்குழல், சீப்புச் சீடை. பிறகு சீயம். வெல்ல வகை கடைசி. இடையிடையே கரண்டியால் உதிரியை அரித்து எடுங்கள். அடியில் கிடந்து கருகும் தூள்தான் எண்ணெயை வேகமாகக் கெடுக்கிறது. நீங்கள் எழுதிய வரிசையிலேயே சுட்டிருந்தால் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் அதிரசம் இறங்கிய எண்ணெய் இனி பொரிக்க ஆகாது. அடுத்த முறை, வெல்லப் பலகாரத்துக்குப் போகும் முன்பே பாதி எண்ணெயை மொண்டு தனியே எடுத்துவிடுங்கள். மிச்சம் பிடிக்க வேண்டியது அந்தப் பாதியைத்தான்.

மாமியார், மகன் இருவர் பேச்சிலும் பாதி நியாயம் உண்டு. ஒருமுறை பொரித்த எண்ணெய் நஞ்சாகிவிடுவதில்லை. திரும்பத் திரும்பக் காய்ச்சும்போதுதான் சூடு, காற்று, மாவிலிருந்து வரும் ஈரம் மூன்றும் சேர்ந்து எண்ணெயைச் சிதைக்கின்றன. இந்தச் சிதைவுப் பொருள்களை மொத்தமாக அளந்து, 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்திருக்கிறது. 2018 ஜூலை முதல் இது நடப்பில் உள்ளது. கடைகளில் அளக்கக் கருவி உண்டு. வீட்டில் மூக்கும் கண்ணும்தான். வழக்கத்தைவிடச் சீக்கிரம் புகைகிறதா, ஒன்றும் போடாமலே நுரைக்கிறதா, விரலில் தேய்த்தால் பிசுபிசுக்கிறதா, காறல் வாடை வருகிறதா? ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கெட்டுப்போன எண்ணெயும் சில சமயம் வெளிறித்தான் இருக்கும்.

நுரை பொங்கினால் ஒரு புளி உருண்டையைப் போடுகிற வழக்கம் நம் பக்கம் உண்டு. பொங்கல் அடங்கலாம், கெட்டது கெட்டதுதான். பழைய எண்ணெயில் பாதிக்குப் பாதி புதுசைக் கலப்பதோ அதைவிட மோசம்: புது எண்ணெயும் சேர்ந்து சீக்கிரம் கெடும்.

சரி, தெளிவான எண்ணெய் கையில் இருந்தால்? சூடு தணியட்டும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே மெல்லிய பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டுங்கள். துணியில் துளி ஈரம் இருக்கக் கூடாது. அடிமண்டியை ஆசைப்பட்டு ஊற்ற வேண்டாம். வாய்வரை நிரப்பி இறுக மூடினால் உள்ளே காற்று குறையும். தாளிக்க, வதக்க, குழம்புக்கு என்று ஒன்றிரண்டு நாளில் தீர்த்துவிடுவதே நல்லது. ஆணையத்தின் அறிவுரையும் அதுதான். இன்னொரு முறை பொரித்தே ஆக வேண்டுமென்றால் ஃபிரிட்ஜில் வைத்து, அந்த வாரத்துக்குள் அப்பளமோ வற்றலோ பொரித்துக்கொள்ளுங்கள், அத்தோடு சரி. மீன் வறுத்ததைத் தனியே வைத்து மறுநாள் மீன் குழம்புக்கே ஊற்றலாம். வேறு எதிலும் அந்த வாடை போகாது. சூரியகாந்தி எண்ணெயென்றால் இந்தக் கணக்கையும் இன்னும் சுருக்குங்கள், கடலை எண்ணெயைவிட அது சூட்டில் சீக்கிரம் சிதையும்.

ஒன்றரை லிட்டரை இரண்டு நாளில் எந்த வீட்டிலும் தாளித்துத் தீர்க்க முடியாது. ஆகவே மிச்சத்தைக் காப்பாற்றுவதைவிட மிச்சம் வராமல் சுடுவது சுலபம். அகலச் சட்டிக்குப் பதில் குழிவான சின்னச் சட்டி வையுங்கள். முக்கால் லிட்டரிலேயே அதிரசம் முங்கும். ஈடு கூடும், நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

இப்போது கையிலிருக்கும் அதிரச எண்ணெயை விளக்குக்கு ஊற்றலாமா என்றால், கசடு திரியை அடைத்துப் புகை கக்கும். கதவு, நிலைக்கும் ஆத்தங்குடித் தரைக்கும் தேய்க்கவே தேய்க்காதீர்கள், பிசுக்கேறித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். முற்றத்து மடையில் கொட்டினால் அடைப்பெடுக்க ஆள் தேட வேண்டியிருக்கும். பயன்படுத்திய எண்ணெயிலிருந்து பயோடீசல் தயாரிக்கிறார்கள். உங்கள் ஊரில் வாங்க ஆள் வந்தால் மூடிய கேனில் சேர்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஆறிய எண்ணெயில் உமியோ மரத்தூளோ போட்டுப் பிசறி, பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள்.