ஸ்டாக்ஹோமுக்குள் கப்பல் நுழைவது எப்படி?

கேள்வி: சென்னைத் துறைமுகத்தில் பைலட் (உள்ளூர் நீர்வழி தெரிந்த கப்பல் வழிகாட்டி) ஏறினால் சீக்கிரமே கப்பலைக் கரையோடு கட்டிவிடுகிறார்கள். ஸ்டாக்ஹோமில் மணிக்கணக்காகும் என்கிறான், கப்பலில் வேலை பார்க்கும் என் தம்பி. கேப்டனுக்கு அவ்வளவு நேரம் என்ன வேலை?
– வாசகி, ராயபுரம்

பதில்: தம்பி சொல்வது சரிதான். நம் துறைமுகம் திறந்த கடலை ஒட்டியது. அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டினால் பெர்த், அதாவது கப்பலைக் கட்டும் இடம். ஸ்டாக்ஹோமுக்கு முன்னாலோ சுமார் 30,000 தீவுகளும் பாறைத்திட்டுகளும் கிடக்கின்றன. பைலட் ஏறியதும் கேப்டன் டிராஃப்ட் (கப்பல் நீரில் அமிழ்ந்திருக்கும் ஆழம்), எஞ்சின் நிலை, கப்பல் திரும்பும் விதம் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லி, ஒவ்வொரு திருப்பத்தையும் சார்ட்டில் (கடல் வரைபடத்தில்) ஒத்துப்பார்க்க வேண்டும். பைலட் வந்தாலும் பொறுப்பு கேப்டனுடையதே.

போகும் வழியில் வாக்ஸ்ஹோம் என்ற ஊரின் அருகே உள்ள ஓக்ஸ்யூபெட் ஜலசந்திதான் துளியும் கவனம் பிசகக்கூடாத இடம். எதிரிக் கப்பல்கள் வராதிருக்க 16ஆம் நூற்றாண்டில் கல் கொட்டி அடைத்த வாய் அது. 19ஆம் நூற்றாண்டில்தான் திறந்தார்கள். இங்கே வேகமாகப் போனால் கப்பலுக்கு அடியில் நீர் விரைந்தோடி அழுத்தம் குறையும், கப்பல் இன்னும் கீழே அமுங்கும். வேகம் இருமடங்கானால் அப்படி அமுங்கும் ஆழம் ஏறத்தாழ நான்கு மடங்கு! ஒரு கரையை நெருங்கிவிட்டால் பின்பக்கம் அந்தக் கரைக்கு இழுபடும், முகப்பு எதிர்க்கரைக்குத் திரும்பும். அதனால் சுக்கானைக் கையால் பிடிக்க ஒருவர், நங்கூரத்தருகே தயாராக ஆட்கள்.

பலர் மறப்பது இது: ஸ்டாக்ஹோம் இருக்கும் பால்டிக் கடலின் நீரில் உப்பு மிகக் குறைவு, அதனால் அது கப்பலைத் தாங்குவதும் குறைவு. சென்னையில் 8 மீட்டர் டிராஃப்ட் உள்ள கப்பல், அதே சுமையோடு அங்கே பத்து சென்டிமீட்டருக்கு மேல் கூடுதலாக அமிழும். ஓதம் (கடல் ஏற்றவற்றம்) அநேகமாகக் கிடையாது. காற்றும் காற்றழுத்தமும்தான் நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும். ஆகவே அன்றைய நீர்மட்டத்தைக் கேட்டறிந்த பிறகே அடியில் எவ்வளவு தண்ணீர் மிஞ்சும் என்று கணக்குப் போட வேண்டும்.