எச்டிஎம்எல் ஆட்ரிப்யூட்: நம்ம ராம்நாட் கடற்கரை ஆளுங்க கேட்ட கேள்விகளுக்கு அக்காவோட பதில்

கேள்வி (மண்டபம்): அக்கா, டேக் புரிஞ்சிருச்சு, இந்த ஆட்ரிப்யூட் எங்க எழுதணும், எதுக்கு எழுதணும்?

பதில்: எச்டிஎம்எல்னா வெப் பேஜ் எழுதுற மொழி, டேக்னா அதுல < > குறிக்குள்ள எழுதுற வார்த்தை. இமேஜ் டேக் போட்டா இங்க ஒரு படம் வருதுன்னு பிரவுசருக்குத் தெரியும், ஆனா எந்தப் படம், எவ்ளோ அகலம்னு நீதான் சொல்லணும், அதுக்குத்தான் ஆட்ரிப்யூட். ஓப்பனிங் டேக்குக்குள்ள மட்டும் எழுது தம்பி, க்ளோசிங் டேக்ல போட்டா வேலை செய்யாது. முதல்ல பேர், அப்புறம் ஈக்வல், அப்புறம் டபுள் கோட்ஸுக்குள்ள (இரட்டை மேற்கோள் குறி) வேல்யூ. ரெண்டு மூணு வேணும்னா நடுவுல ஸ்பேஸ் விடு, கமா வேணாம்.

கேள்வி (பாம்பன்): கருவாட்டுக் கடைக்கு பேஜ் போட்டேன்க்கா. லேப்டாப்ல படம் வருது, ஹோஸ்டிங்ல ஏத்துனதும் காணோம்.

பதில்: எந்தப் படம்னு சொல்ற எஸ்ஆர்சி (src) ஆட்ரிப்யூட்ல எழுதுன பேரையும் ஃபைல் பேரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. கேமராவுல எடுத்த ஃபைல்ல கடைசில ஜேபிஜி கேப்பிடல் லெட்டர்ல இருக்கும், நீங்க சின்ன லெட்டர்ல எழுதிருப்பீங்க, விண்டோஸ் அதைக் கண்டுக்காது, ஹோஸ்டிங்ல இருக்குற லினக்ஸ் சர்வர் ரெண்டையும் வேற வேற ஃபைலாத்தான் பாக்கும். எல்லாப் பேரையும் சின்ன லெட்டர்ல, ஸ்பேஸ் இல்லாம வச்சிருங்க, இந்தத் தொல்லையே வராது.

கேள்வி (கீழக்கரை): ஃப்ரெண்டு வாட்ஸப்ல அனுப்புன எச்டிஎம்எல் கோடை அப்படியே போட்டேன், லிங்க் எங்கயோ போகுது.

பதில்: அதுல இருக்குற மேற்கோள் குறியைப் பாரும்மா, வளைஞ்ச குறியா இருக்கும். பிரவுசருக்கு நேரான குறிதான் கணக்கு, வளைஞ்சதை அட்ரஸோட சேர்த்துப் படிச்சிரும். அழிச்சுட்டு கீபோர்டுல நீயே அடி. லிங்க் எங்க போகணும்னு சொல்ற ஹெச்ரெஃப் (href) ஆட்ரிப்யூட்ல இன்னொரு வசதியும் இருக்கு, டெல்னு (tel) போட்டு கோலன் வச்சு ப்ளஸ் 91-ஓட நம்பரை எழுதுனா, தொட்டதும் போன்ல கால் போற மாதிரி வரும். ஆர்டர் எடுக்குறவங்க கண்டிப்பா வைங்க.

கேள்வி (தங்கச்சிமடம்): மீன்பிடித் தடைக்காலத்துக்கு ஆர்டர் பட்டனை டிஸேபிள்டுனு (disabled) ஆட்ரிப்யூட் போட்டு பூட்டி வச்சேன். ஜூன் 14 முடிஞ்சு ஃபால்ஸ்னு மாத்துனேன், இன்னும் திறக்கல.

பதில்: திறக்காது தம்பி. இந்த மாதிரி ஆட்ரிப்யூட்ல வேல்யூவே பாக்க மாட்டாங்க, பேர் இருந்தாலே பூட்டுதான், ஃபால்ஸ்னு எழுதுனாலும் பூட்டுதான். வார்த்தையையே எடுத்துரு. செக்டு (checked), ரெக்கொயர்டு (required) எல்லாம் இதே கதைதான்.

கேள்வி (தேவிபட்டினம்): இமேஜ் டேக்ல ஆல்ட் (alt) ஆட்ரிப்யூட் எதுக்குக்கா? படந்தான் தெரியுதே.

பதில்: உனக்குத் தெரியுது. கண்ணு தெரியாதவங்க, பேஜை வாசிச்சுக் காட்டுற ஸ்க்ரீன் ரீடர் வச்சு கேக்குறப்ப அவங்களுக்கு அந்தப் படம்னா ஆல்ட்ல இருக்குற வார்த்தைதான், டவர் சரியா கிடைக்காத இடத்துல படம் லோடாகலன்னாலும் அந்த வார்த்தைதான் நிக்கும். வெறுமனே 'படம்'னு எழுதுனா யாருக்கும் பிரயோஜனம் இல்ல. 'ஓலைப்பெட்டியில அடுக்குன நெத்திலிக் கருவாடு, அரை கிலோ'ன்னு எழுது, வாங்க வர்றவங்களுக்கு வேண்டியது அதுல வந்துருது. சும்மா அழகுக்கு வச்ச கோடு, பூ மாதிரி படம்னா மேற்கோள் குறிக்குள்ள ஒண்ணும் எழுதாம காலியா விடு, ஆனா ஆல்ட்டை மட்டும் எடுத்துராத, எடுத்துட்டா சில ரீடர் ஃபைல் பேரை வாசிச்சுக் கொல்லும். கூடவே அகலம், உயரம் சொல்ற விட்த் (width), ஹைட் (height) ரெண்டையும் வெறும் நம்பரா போட்டுரு, படம் வர்றதுக்கு முன்னாடியே பிரவுசர் இடம் ஒதுக்கி வச்சிரும், படிச்சிட்டிருக்கப்ப எழுத்து கீழ குதிக்காது.

பேஜோட மேல வர்ற எச்டிஎம்எல் டேக்ல, எந்த மொழின்னு சொல்ற லாங் (lang) ஆட்ரிப்யூட்டுக்கு டிஏன்னு (ta) ரெண்டு எழுத்து போடுறதையும் நிறையப் பேரு விட்டுர்றாங்க, எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் இது. இங்லீஷ்னு இருக்குறதை மாத்தாம விட்டா ஸ்க்ரீன் ரீடர் நம்ம தமிழை இங்லீஷ் குரல்ல வாசிக்கப் பாக்கும், ஒண்ணும் விளங்காது.

கேள்வி (தொண்டி): ஐடி, க்ளாஸ் ரெண்டுல எதைப் போடுறது?

பதில்: ரெண்டுமே பேஜ்ல இருக்குறதுக்குப் பேர் வைக்கிற ஆட்ரிப்யூட்தான். ஒரு பேஜ்ல ஒரு ஐடி ஒரே தடவைதான். க்ளாஸ் எத்தனை எடத்துல வேணாலும் வரலாம், விலை எழுதுற எல்லா எடத்துக்கும் ஒரே க்ளாஸ் குடுத்தா கலரை ஒரே எடத்துல மாத்திக்கலாம். விலைப்பட்டியலுக்கு ஐடி வச்சுட்டு ஹெச்ரெஃப்ல ஹேஷ் (#) போட்டு அந்த ஐடியை எழுதிப் பாரு, தொட்டதும் நேரா அங்க போய் நிக்கும்.