சேலத்தில் வளர்க்க எந்தச் சிறிய நாய் சரிப்படும்?

மாடியில் இரண்டு அறை வீடு, பகலில் அம்மா மட்டும் இருப்பார், பக் குட்டி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன். அஸ்தம்பட்டியில் அப்படியொரு வீட்டில் இருந்துகொண்டு, அதே ஆசையோடு ஒரு வருடம் அலைந்தவன் நான்.

பக் நல்ல நாய்தான். நம் ஊர் ஏப்ரல்தான் அதற்கு ஆகாது. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை, இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். பக், ஷிட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப் பாதையே குறுகல். என் நண்பன் காலை பத்து மணிக்குத் தன் பக்கைக் கடைவரை அழைத்துப்போனான். பாதி வழியில் நாக்கு நீலம் பாரித்துப் படுத்துவிட்டது. வயிற்றிலும் பாதத்திலும் தண்ணீர் ஊற்றி, ஆட்டோவில் மருத்துவரிடம் ஓடிப் பிழைக்கவைத்தான். ஏற்காட்டில் வீடு இருந்தால் வாங்குங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் குளிர்ச்சி உண்டு.

எனக்குக் கடைசியில் வாய்த்தது ஐந்து வயது ஸ்பிட்ஸ். நம் தெருக்களில் பொமரேனியன் என்று அழைக்கப்படுபவை பெரும்பாலும் இந்த இந்திய ஸ்பிட்ஸ்தான். சூரமங்கலத்தில் ஒரு குடும்பம் மாற்றலாகிப் போனது; புது வீட்டுக்காரர் நாய்க்குச் சம்மதிக்கவில்லை. "போயும் போயும் வயதான நாயையா கொண்டுவருவாய்?" என்றார் அம்மா. சிறிய நாய்கள் பன்னிரண்டு, பதினைந்து வருடம்கூட இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. அதற்கு முன் நான் விலை பேசிய குட்டிக்கு வயது முப்பத்தைந்து நாள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு விதி சொல்கிறது. விற்றவர் அதைக் கேட்டுச் சிரித்தார்.

வளர்ந்த நாயில் ஒளிவுமறைவு குறைவு. மூன்று முறை போய்ப் பார்த்தேன். முதல் நாள் ஓயாமல் குரைத்தது. இரண்டாம் நாள் அம்மாவையும் கூட்டிப்போனேன். அவர் செருப்பை மோந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தது. மூன்றாம் நாள் தெருவில் நடக்கவைத்து, நொண்டுகிறதா என்று பார்த்தேன். இந்த அளவு நாய்களுக்கு முழங்கால் சில்லு நழுவுவது சகஜம். தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கினேன். வாயைத் திறந்து பார்க்கத்தான் மறந்துவிட்டேன். சிறிய தாடையில் பற்கள் நெருக்கியடித்து முளைப்பதால் சீக்கிரம் கெடும். வந்த இரண்டாம் மாதமே இரண்டு பல் பிடுங்க வேண்டியதாயிற்று.

கழுத்துப் பட்டையில் கயிறு கட்டி இழுக்காதீர்கள், மூச்சுக்குழல் மென்மையானது. மார்போடு மாட்டும் பட்டை வாங்குங்கள். வெயிலுக்கு நல்லது என்று ஸ்பிட்ஸை மொட்டையடிக்கவும் வேண்டாம். அந்த இரட்டை அடுக்கு முடிதான் அதன் குடை, வழித்தால் சில சமயம் பழையபடி வளராது. தினமும் சீவினால் போதும்.

இன்னொன்று, நம் ஊர்த் தட்டுவடை செட், அதாவது இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் காய்த் துருவலும் வைத்த தின்பண்டம். வருகிறவர்கள் ஆசையாக ஆளுக்கொரு வாய் ஊட்டப் பார்ப்பார்கள். அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். விருந்தாளி வந்தால் எங்கள் அம்மா இப்போது முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.