மூளை ஸ்கேனில் மனம் தெரியுமா? கேள்வி பதில்

கேள்வி: காதலிக்கும்போது மூளையில் ஓர் இடம் ஒளிர்கிறதாமே, காதல் அங்கேதான் இருக்கிறதா?

பதில்: மூளைக்குள் எதுவும் ஒளிர்வதில்லை. எஃப்எம்ஆர்ஐ, அதாவது மூளை வேலை செய்வதைப் பதிவுசெய்யும் காந்த ஸ்கேன், காட்டுவது ரத்த ஆக்சிஜனில் ஏற்படும் மாற்றத்தை. நரம்புச் செல்கள் வேலை செய்து ஐந்தாறு விநாடி கழித்துத்தான் அது உச்சத்துக்கு வரும். படத்தில் தெரியும் சிவப்பும் மஞ்சளும் புள்ளியியல் கணக்கு முடிந்தபின் பூசுவது. கணக்கில் கவனம் தவறினால் என்ன ஆகும் என்று காட்ட, 2009இல் செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனருக்குள் வைத்து மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். அதன் மூளையிலும் வண்ணப் புள்ளி தெரிந்தது.

கேள்வி: மூளையில் உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்ற சிறு பகுதி வேலை செய்தால் பயம்தானே?

பதில்: இல்லை. சிரித்த முகத்தைப் பார்த்தாலும் அது வேலை செய்யும்.

கேள்வி: நாம் முடிவெடுக்கும் முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறது என்கிறார்களே. சுயவிருப்பம் பொய்யா?

பதில்: 2008இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்த சோதனையைச் சொல்கிறீர்கள். ஸ்கேனருக்குள் படுத்திருப்பவர், தனக்குத் தோன்றும் நேரத்தில் இடது பொத்தானையோ வலது பொத்தானையோ அழுத்த வேண்டும். எதை அழுத்துவார் என்பதைச் சில விநாடிகள் முன்பே கணித்தார்கள். ஆனால் கணிப்பு பலித்தது சுமார் 60 சதவீதம்தான். காசு சுண்டினாலே 50.

கேள்வி: 60 ஆனால் என்ன? அவருக்கே தெரியாமல் ஏதோ நடந்திருக்கிறதே!

பதில்: சரி, நடந்திருக்கிறது. மறுக்கவில்லை. அது ஒரு சாய்வு. தோசை சாப்பிடும் நினைப்போடு ஓட்டலுக்குப் போய்ப் பொங்கல் சாப்பிட்டு வருவதில்லையா? இன்னொன்று, அந்தச் சோதனையில் எந்தப் பொத்தானுக்கும் காரணம் கிடையாது. அப்பாவுக்கு ஆபரேஷன் செய்யலாமா என்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் யோசிப்பவர் காரணங்களை எடைபோடுகிறார். சுயவிருப்பம் என்று நாம் மதிப்பது அதைத்தான். பொத்தான் சோதனை அதைத் தொடவே இல்லை.

கேள்வி: பக்தி எந்த இடத்தில் ஒளிரும்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். ஒளிராது.

கேள்வி: அப்படியானால் இந்தப் படங்களால் தத்துவத்துக்குப் பயனே இல்லையா?

பதில்: நிச்சயமாக உண்டு. 2006இல் நரம்பியல் ஆய்வாளர் ஏட்ரியன் ஓவன் குழுவினர், விபத்துக்குப் பின் ஐந்து மாதமாக எந்த அசைவிலும் பதில் தராத 23 வயதுப் பெண்ணிடம், டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். நலமாக இருப்பவர்களுக்கு வேலை செய்யும் அதே பகுதி அவருக்கும் வேலை செய்தது. வீட்டுக்குள் நடப்பதாக நினைக்கச் சொன்னதும் வேறு பகுதிகள். உடல் அசையாவிட்டால் உள்ளே நினைவில்லை என்று இனி எப்படிச் சொல்வது? 2010இல் இதே முறையில் 54 நோயாளிகளைச் சோதித்ததில் 5 பேரிடம் இப்படிப் பதில் தெரிந்தது. அவர்களில் ஒருவர், 'ஆம்' என்றால் டென்னிஸ், 'இல்லை' என்றால் வீடு என்று வைத்துக்கொண்டு தன் அப்பாவின் பெயரைப் பற்றிய கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னார்.