எட்டு மாதச் சான்றிதழ் படிப்பை நம்பி கனடா போகலாமா?

கேள்வி: பெங்களூர் கே.ஆர்.புரத்தில் வசிக்கிறோம். எனக்கு வயது 31. பி.இ. முடித்து ஒயிட்ஃபீல்டில் ஆறு வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. ஒன்டாரியோவில் ஒரு தனியார் கல்லூரியில் எட்டு மாத ஆபீஸ் அட்மினிஸ்ட்ரேஷன் படிப்பு, முடித்ததும் ஒர்க் பர்மிட், அடுத்த வருடமே பிஆர் (நிரந்தரமாக வசிக்கும் உரிமை), கணவருக்கும் கையோடு ஒர்க் பர்மிட் என்கிறார் ஏஜென்ட். ஒன்றரை லட்சம் கட்டிவிட்டோம். மீதிக்கு ஓசூர் மனையை விற்கலாம் என்று பேச்சு. ஒரிஜினல் மார்க் ஷீட்டுகளும் அவரிடம்தான் இருக்கின்றன. என்ன செய்வது?

பதில்: முதலில் மனையை விற்கும் பேச்சை நிறுத்துங்கள். அட்வான்ஸ் இன்னும் வாங்கவில்லை என்றால் வாங்க வேண்டாம்.

படிப்புக்குப் பிறகு கிடைக்கும் ஒர்க் பர்மிட் எத்தனை மாதம் என்பதை, படித்த மாதங்களே தீர்மானிக்கின்றன. எட்டு மாதத்துக்குக் குறைந்த படிப்புக்கு அது கிடையாது. எட்டு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் என்றால் படித்த காலம் எவ்வளவோ அவ்வளவுக்கே பர்மிட். வாழ்நாளில் ஒரு முறைதான் தருவார்கள். சரி, பிஆருக்கு என்ன வேண்டும்? 'கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸ்' பிரிவில் அங்கே சம்பளத்துக்குச் செய்த வேலை அனுபவம் 12 மாதம், அதாவது 1,560 மணி நேரம் காட்ட வேண்டும். எட்டு மாத பர்மிட்டுக்குள் பன்னிரண்டு மாத அனுபவம் எப்படி அடங்கும்? முழுநேர மாணவராக இருக்கும்போது பார்க்கும் பகுதிநேர வேலை கணக்கில் சேராது. சூப்பர் மார்க்கெட் கேஷியர், டெலிவரி போன்ற வேலைகளும் சேராது. கனடா அரசு வேலைகளைத் தரம் பிரிக்கும் 'டியர்' (TEER) வரிசையில் 0 முதல் 3 வரையிலான வேலையாக இருக்க வேண்டும். வேலை தேடி அலையும் மாதங்களும் இதே பர்மிட்டிலிருந்துதான் கழியும்.

பர்மிட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு முடிவு வரும்வரை, நிபந்தனைகள் பொருந்தினால், முழுநேரமாக வேலை பார்க்கலாம் என்பது உண்மை. அதில் சில மாதம் கூடுதலாகக் கிடைத்துத் தப்பித்தவர்களும் உண்டு. ஆனால் கனடா அலுவலகத்தின் தாமதத்தை நம்பி மனையை விற்கச் சொல்ல எனக்கு மனம் வராது. வயது, படிப்பு, மொழி, அனுபவம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு, அதிகம் எடுத்தவர்களைத்தான் பிஆருக்கு அழைப்பார்கள். 2021 பிப்ரவரி 13 அன்று இந்த கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் பிரிவில் வெறும் 75 மதிப்பெண் எடுத்தவர்கள் வரை 27,332 பேரை ஒரே நாளில் அழைத்தார்கள். கொரோனா காலத்து விதிவிலக்கு அது. ஏஜென்ட்கள் சுவரில் மாட்டியிருக்கும் 'எங்கள் கிளையன்ட்' புகைப்படங்களில் பல அந்தக் காலத்தவைதான். 2025இல் இதே பிரிவுக்கு 500க்கு மேல் தேவைப்பட்டது. வேலை ஆஃபர் லெட்டருக்குக் கொடுத்து வந்த கூடுதல் மதிப்பெண்ணையும் அந்த வருடம் மார்ச் 25 அன்று எடுத்துவிட்டார்கள்.

உங்கள் விஷயத்தில் இதைவிடப் பெரிய ஓட்டையும் இருக்கிறது. கல்லூரிக்கு டிஎல்ஐ நம்பர் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அங்கீகார எண்) இருப்பதை ஏஜென்ட் காட்டியிருப்பார். அது மாணவர்களைச் சேர்க்க அனுமதி, அவ்வளவுதான். அந்தப் படிப்புக்கு ஒர்க் பர்மிட் உண்டா என்பது தனிக் கேள்வி. பெரும்பாலான தனியார் கல்லூரிச் சான்றிதழ்களுக்கு இல்லை. அரசுக் கல்லூரியின் பாடத்திட்டத்தைத் தனியார் கல்லூரி நடத்தும் கூட்டுப் படிப்புகளுக்கும் 2024 மே 15க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு இல்லை. போதாததற்கு, 2024 நவம்பர் 1 முதல் ஸ்டடி பர்மிட்டுக்கு விண்ணப்பிப்பவர்களின் சான்றிதழ், டிப்ளமா படிப்புகள் அரசு வெளியிட்ட துறைப் பட்டியலுக்குள் வர வேண்டும். கனடா குடிவரவுத் துறையின் இணையதளத்தில் கல்லூரிப் பெயரைத் தட்டினால் ஒர்க் பர்மிட் தகுதி உண்டா என்று தெரிந்துவிடும். இன்று இரவே பாருங்கள்.

கணவர் விஷயமும் பொய். 2025 ஜனவரி 21 முதல் மாணவரின் துணைவருக்கு ஒர்க் பர்மிட் என்பது 16 மாதமோ அதற்கு மேலோ நடக்கும் மாஸ்டர்ஸ், பிஎச்.டி., குறிப்பிட்ட சில தொழிற்படிப்புகளுக்கு மட்டும்.

படித்துத்தான் போக வேண்டும் என்றால் மாஸ்டர்ஸைப் பாருங்கள். 2024 பிப்ரவரி 15 முதல், எட்டு மாதத்துக்குக் குறையாத தகுதியுள்ள மாஸ்டர்ஸ் முடித்தால் மூன்று வருட பர்மிட் கிடைக்கும். ஒரே வருடம் படித்தாலும் அனுபவம் சேர்க்க நேரம் இருக்கும். 16 மாதத்துக்கு மேற்பட்டதாகத் தேர்ந்தால் கணவருக்கும் வழி திறக்கும். செலவு கூடும்தான். உங்கள் வேலையோடு பொருந்தும் துறையாக இருப்பதும் முக்கியம். ஆறு வருட டெஸ்டிங் அனுபவத்துக்குப் பிறகு ஆபீஸ் அட்மினிஸ்ட்ரேஷன் எதற்கு என்று விசா அதிகாரி கேட்டால் உங்களிடம் நேர்மையான பதில் இருக்காது. பிஆர் ஆசையை மறைத்துப் பொய் எழுதவும் வேண்டாம். பின்னாளில் குடியேற நினைப்பதே மறுப்புக்குக் காரணமாகாது என்று கனடா குடிவரவுச் சட்டத்தின் 22(2) பிரிவே சொல்கிறது. ஆனால் பர்மிட் முடிந்தால் திரும்பிவிடுவீர்கள் என்று அதிகாரி நம்ப வேண்டும். எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரில் 'கொஞ்சம் அட்ஜஸ்ட்' செய்தால் அதே சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி ஐந்து வருடத் தடை.

படிக்காமலே போகும் வழியையும் யோசியுங்கள். பெங்களூரில் இருந்தபடியே, கனடாவுக்கு வெளியே பெற்ற அனுபவத்தையும் ஏற்கும் ஃபெடரல் ஸ்கில்டு ஒர்க்கர் என்ற பிஆர் பிரிவில் பதிய உங்கள் அனுபவம் போதும். ஆங்கிலத் தேர்வும் பட்ட மதிப்பீடும் வேண்டும். அழைப்பு வருவதுதான் கடினம். பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தவர்களுக்கு மட்டும் 2025 மார்ச்சில் 379 மதிப்பெண்ணுக்கே அழைப்பு வந்தது. வசந்த்நகரில் பிரெஞ்சு சொல்லித்தரும் அலியான்ஸ் ஃபிரான்சேஸில் சேர்ந்து ஓரிரு வருடம் உழைக்க முடியுமானால், அந்த எட்டு மாதச் சான்றிதழைவிட அதில் பலன் அதிகம்.

இனி ஏஜென்ட். காசு வாங்கிக்கொண்டு கனடா குடிவரவு விண்ணப்பத்துக்கு ஆலோசனை சொல்ல அந்நாட்டு வழக்கறிஞரோ உரிமம் பெற்ற கன்சல்டன்ட்டோதான் வேண்டும். என் போன்ற இந்திய வழக்கறிஞரும் உங்கள் விண்ணப்பத்தைக் கட்டணம் வாங்கி நடத்த முடியாது. அவரிடம் உரிம எண்ணைக் கேட்டு, கனடாவின் கன்சல்டன்ட் ஒழுங்குமுறை அமைப்பின் பதிவேட்டில் சரிபாருங்கள். மார்க் ஷீட்டுகளைத் திருப்பித் தரும்படி ஈமெயிலில் எழுதுங்கள். பாக்கியைக் காட்டி அவற்றைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை. தரவில்லை என்றால் காவல் நிலையத்தில் புகார். பணத்துக்கு நோட்டீஸ், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. கால வரம்பு இரண்டு வருடம். ரசீதில் 'நான் ரீஃபண்டபிள்' என்று அச்சிட்டிருப்பதால் மட்டும் வழக்கு விழுந்துவிடாது. அவர் அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டுகளை அழிக்காதீர்கள். அவற்றைத் தாக்கல் செய்ய பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (இந்திய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவின் சான்றிதழ் தேவைப்படும் என்பதால் அந்த போனையும் மாற்றாமல் வைத்திருங்கள்.