பேட் பெயர்ந்த சார்ஜர் போர்டைக் காப்பாற்றலாம்

மின்சார காருக்குள்ளேயே இருந்து பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆன்போர்டு சார்ஜரின் போர்டில் கெப்பாசிட்டரைக் கழற்றும்போது, அதன் காலைப் பற்றவைக்கும் செம்புத் திட்டான பேட் பெயர்ந்து, மின்சாரம் ஓடும் செம்புக் கோடான டிராக்கும் அறுந்துவிட்டது என்கிறீர்கள். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டிராக்கின் மேல் இருக்கும் பச்சைப் பூச்சை மெல்லச் சுரண்டினால் செம்பு பளிச்சென்று தெரியும். அங்கே ஈயம் பூசி, அங்கிருந்து கெப்பாசிட்டர் காலுக்குத் தடிமனான ஜம்பர் ஒயர் (இணைப்பு ஒயர்) போடுங்கள்.

என் கவலை வேறு. நீங்கள் அனுப்பிய படத்தில் உயர் அழுத்தப் பகுதிக்கும் 12 வோல்ட் பகுதிக்கும் நடுவே, பற்றவைக்கும்போது தடவும் ஃபிளக்ஸ் கருகிப் படிந்திருக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். அடியில் போர்டே கரியாகியிருந்தால் அதையும் சுரண்ட வேண்டும், கரி மின்சாரம் கடத்தும். ஆழமாகக் கருகியிருந்தால் மட்டும் வேறு போர்டு பாருங்கள்.

அப்புறம், காரில் மாட்டப்போகும்போது, உயர் அழுத்த பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, கெப்பாசிட்டர்களில் சார்ஜ் வடிந்துவிட்டதா என்று மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள்.