மகமைக் கணக்கு

வணக்கம் ஐயா,

போன மாதம் பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போய், மூன்றாம் நாளே திரும்பிவிட்டேன். இந்த முகாம்களைத் தொடங்கிய கோயங்கா 2013இல் இறந்தும் இன்னும் அவர் குரலைப் போட்டுத்தான் வகுப்பு. அடிப்படையில் அவர் பர்மாவில் தொழில் நடத்திய வியாபாரி. ஞானி என்பதா, புத்தரை நன்றாக விற்றவர் என்பதா?

— ஒரு வாசகர், காரைக்குடி

அன்புள்ள தம்பி,

முதல் மூன்று நாளும் மூச்சைக் கவனிப்பது மட்டும்தான். விபாசனா சொல்லித்தருவதே நான்காம் நாள். இலையில் தண்ணீர் தெளித்ததும் எழுந்து வந்துவிட்டுச் சமையல் சரியில்லை என்கிறீர்கள். அங்கே கட்டணமும் கிடையாது. முகாம் முடித்தவர்களிடம் மட்டும்தான் நன்கொடை வாங்குவார்கள். நீங்கள் சாப்பிட்ட மூன்று நாள் சோறு, உங்களுக்கு முன்னால் உட்கார்ந்து முடித்த யாரோ போட்டது.

குரல்? எனக்கும் அந்த இழுவை பிடிக்காது. விடுங்கள். 'இதுதான் புத்தரின் அசல்' என்று அவர் அடித்துச் சொன்னதில் எனக்கு வழக்கு உண்டு, அது வேறொரு நாளைக்கு.

அவர் நோக்கத்தைச் சந்தேகப்படுகிறீர்களே, அவர் 1955இல் பர்மியத் தியான குரு ஊ பா கின்னிடம் போனது ஒற்றைத் தலைவலி தீர. தலைவலிக்கென்றால் வராதே என்று குரு முதலில் மறுத்துவிட்டார். இதைக் கோயங்காவே போன இடமெல்லாம் சொன்னார். அந்தக் குரு பர்மா அரசின் தலைமைக் கணக்கராக இருந்தவர். கணக்கர் குரு, வியாபாரி சீடர். செட்டிநாட்டுக்காரனுக்கு இதில் என்ன குறை?

'வியாபாரி'யை வசவாக எழுதியிருக்கிறீர்கள், அதுவும் காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு. அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. உங்கள் தெரு வளவுகளில் நிற்கும் தேக்குத் தூண் எந்த ஊர்க் காட்டில் வளர்ந்தது?

என் அப்பச்சியைப் பெற்ற ஐயா, பர்மாவின் ஐராவதி டெல்டாவில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாள், அதாவது முதலாளியின் ஏஜெண்டுக்கு உதவியாள். 1930இல் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்தது 6 சதவீத நிலம். நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, ஈட்டு நிலம் கைமாறியது, 1938இல் அது 25 சதவீதம். 1942இல் ஐயா நடந்தே வந்து சேர்ந்தார். கையில் ஒரு பேரேடு, ஓரமெல்லாம் மழையில் நனைந்து உப்பியது.

மத்தியானத்தில் பெட்டியடியில் சாய்ந்து அதைப் புரட்டுவார். ஒரு பர்மியப் பெயரில் விரல் நிற்கும். "இவன் நெலத்தை எடுத்திருக்கப்படாது" என்பார். அதே பக்கத்தின் அடியில் மகமை, அந்த வரவில் சாமிக்கும் தருமத்துக்கும் ஒதுக்கிய பங்கு. விரல் அங்கே ஒருநாளும் இறங்கியதில்லை. அந்த மகமையும் சேர்ந்துதான் எங்கள் ஊருணிக்குப் படி கட்டினார்கள். கல்லூரியில் இரண்டு புத்தகம் படித்த திமிரில் அப்பத்தாவிடம், "இது பாவப் பணத்துப் படியில்லையா?" என்றேன். "வழுக்குது, குடத்தைப் பிடி" என்றாள்.

கோயங்கா தொழிலையும் பர்மா அரசு 1960களில் எடுத்துக்கொண்டது. எங்கள் ஆட்களும் அப்போதுதான் மிச்சத்தையும் பறிகொடுத்தார்கள். நாங்கள் நஷ்டஈட்டுக்கு மனு எழுதினோம். அவர் 1969இல் இந்தியா வந்து முகாம் போட்டார். அதே நஷ்டம்தான், தம்பி. மனு எழுதிய வீட்டில் வளர்ந்தவன் நான், அவரை எடைபோட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உங்களுக்கு எப்படி மூன்றே நாளில் முடிந்தது?

நீங்கள் கேட்டது ஞானியா, விற்றவரா என்று, இல்லையா? மறுபடி போங்கள். நான்காம் நாள் தாண்டி எழுதுங்கள். விடிகாலை நாலு மணிக்கு எழுப்புகிறார்கள் என்ற புலம்பல் மட்டும் வேண்டாம்.